கொட்டகையில் நிற்கும் தாத்தா சைக்கிள்: மறுபடி ஓட வைக்க பாகங்கள் எங்கே கிடைக்கும்?

மாட்டுக்கொட்டகை ஓரத்தில் சாய்ந்து நிற்கும் கருப்பு சைக்கிள். சீட்டின் தோல் காய்ந்து வெடித்திருக்கும். டயரைத் தொட்டால் பொடியாக உதிரும். வெள்ளையடிக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், “இதை எடைக்குப் போட்டுடலாமா?” என்று கேட்பார். கடலூர் மாவட்டம் கம்மாபுரம் பக்கத்துக் கிராமமோ, பக்கத்தில் உள்ள நெய்வேலி நகரியமோ, இப்படி ஒரு வண்டி உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

அதை மறுபடி ஓட்ட முடியுமா? பாகங்கள் கிடைக்குமா? இன்டர்நெட்டில் தேடினால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கச் சொல்கிறார்களே, அவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா?

சுருக்கமான பதில் இதுதான். வண்டியை ஓட வைக்கும் பாகங்களில் பெரும்பாலானவை உள்ளூர் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். அந்த வண்டியை ‘அந்த வண்டி’யாகக் காட்டும் பாகங்கள்தான் கிடைக்காது. ஆனால் ஓவராயிலுக்கு விடும்போது பலரும் தூக்கிப் போடுவது இந்த இரண்டாவது வகையைத்தான். எது எங்கே கிடைக்கும், எதைத் தூக்கிப் போடவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இது எந்தக் காலத்து வண்டி?

நம் ஊரில் ‘பழைய சைக்கிள்’ என்று சொல்லப்படுபவை மூன்று தலைமுறையைச் சேர்ந்தவை.

முதலாவது, இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. நாட்டிங்ஹாமின் ராலி, பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ், இவற்றோடு ஹம்பர், ரட்ஜ் போன்றவை. சுதந்திரத்துக்கு முன்பு இந்தியச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் இப்படி இறக்குமதியான வண்டிகள்தான்.

இரண்டாவது, வெளிநாட்டுக் கூட்டோடு இங்கேயே செய்தவை. 1949-ல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ் வெளிவந்தது. வங்காளத்தின் அசன்சோலில் சென்-ராலி தொழிற்சாலை 1950-களில் ராலி வண்டிகளைத் தயாரித்தது.

மூன்றாவது, முழுக்க இந்திய நிறுவனங்களின் வண்டிகள். ஹரியானாவின் சோனிபட்டில் 1951-ல் தொடங்கிய அட்லஸ், லூதியானாவில் 1956-ல் சைக்கிள் தயாரிக்கத் தொடங்கிய ஹீரோ, அதே ஊரின் ஏவான் போன்றவை. ஹீரோவைத் தொடங்கிய முஞ்சால் சகோதரர்கள் அதற்கு முன்பு சைக்கிள் பாகங்கள் விற்றுக்கொண்டிருந்தவர்கள். அதே ஹீரோ 1986-ல் உலகின் மிகப் பெரிய சைக்கிள் உற்பத்தியாளர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

பாகம் தேடுகிறவருக்கு இந்த வரலாறு எதற்கு? இந்தியத் தொழிற்சாலைகள் தொடங்கியதே பிரிட்டிஷ் அளவுகளோடுதான். வண்டியின் வடிவத்தையும் டயர் அளவையும் கம்பி பிரேக்கையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டன் அந்த மாடலை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது. இந்தியா நகரவில்லை. பால்காரர், இளநீர் வியாபாரி, கொத்தனார் என்று பலரும் அதையே ஓட்டியதால் அதற்கான டயரும் செயினும் பிரேக் கட்டையும் இன்றும் தயாராகின்றன. நாட்டிங்ஹாமில் இருப்பவர் தேடிப் பிடித்து ஆர்டர் போட வேண்டிய டயர், இங்கே சைக்கிள் கடை வாசலில் தொங்கும்.

ஸ்டிக்கரை நம்பலாமா?

நம்பாதீர்கள். பெயர்ப்பட்டையும் ஸ்டிக்கரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை. பழைய வண்டிக்கு மவுசு கூடிய பிறகு, சாதாரண கருப்பு சைக்கிளில் ஸ்டிக்கர் ஒட்டி, ‘1920 மாடல்’ என்று விற்பதும் எளிதாகிவிட்டது. இரும்பில் இருக்கும் அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும்.

செயின் வீல்: அந்தக் காலத்து நிறுவனங்கள் தங்கள் சின்னத்தைச் செயின் வீலிலேயே வெட்டி வைத்தன. ராலியில் நாரையின் தலை தெரியும். ரட்ஜில் ஒரு கை. ஹம்பரில் வட்டமாக நிற்கும் மனித உருவங்கள்.

போர்க்: ஹம்பரின் உயர்ரக வண்டிகளில் முன் சக்கரத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு மெல்லிய குழாய்கள் இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

ஹப்: பின் சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் எழுத்துகளோடு சில எண்களும் தெரியும். 1930-களுக்குப் பிந்தைய ஹப்களில் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்.

முலாம்: குரோமியம் முலாம் பரவலாக வந்தது 1920-களின் கடைசியிலும் 1930-களிலும்தான். அதற்கு முந்தைய வண்டியில் ஹேண்டில்பார் நிக்கல் பூச்சோடு, லேசான மஞ்சள் கலந்த மங்கிய பளபளப்பில் இருக்கும். ‘1915 வண்டி’ என்று ஒருவர் காட்டும் சைக்கிளில் எல்லாமே நீலம் கலந்த குரோமியமாக மின்னினால், முலாம் பிறகு போட்டதா, வண்டியே பிறகு வந்ததா என்று கேளுங்கள்.

ஃபிரேம் எண்: சீட் மாட்டும் குழாயின் மேல்முனையிலோ, பெடல் அச்சு ஓடும் பெட்டியின் அடியிலோ பாருங்கள். துருவுக்குள் ஒளிந்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும். பழைய துணியும் எண்ணெயும் போதும்.

இன்னொரு சின்ன விஷயம். நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கி, ஒரு வில்லை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தகர வில்லை வண்டியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் இருப்பது தயாரித்த ஆண்டு கிடையாது. ஆனால் அந்த ஆண்டில் வண்டி எந்த ஊரில் ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

மூன்று குவியலாகப் பிரியுங்கள்

வண்டியைக் கழற்றுவதற்கு முன்பு நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கழற்றும்போதும் ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு போட்டோ. பிறகு எல்லாவற்றையும் மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும்.

முதல் குவியல், தேய்ந்து போகும் பாகங்கள். டயர், டியூப், வால் டியூப், போக்ஸ் கம்பி, செயின், ஃப்ரீவீல், பிரேக் கட்டை, பால்ஸ், கொட்டர் பின். இவற்றைப் புதிதாக வாங்கத் தயங்க வேண்டாம். வண்டியை அந்தக் காலத்தில் ஓட்டியவரே பல முறை மாற்றியிருப்பார்.

இரண்டாவது குவியல், சரிசெய்யக்கூடிய பாகங்கள். ஹப், பெடல் அச்சு, கப், கோன், கம்பி பிரேக், டைனமோ, சீட்டு. இவை கெட்டுப்போனது போலத் தெரியும். பல நேரம் காய்ந்த கிரீஸ்தான் கல்லாகி இறுகியிருக்கும். ஒரு நாள் ஊறவிட்டால் சுற்றும்.

மூன்றாவது குவியல், மாற்று இல்லாதவை. சின்னம் வெட்டிய செயின் வீல், ஹெட் பேட்ஜ், போர்க், அசல் மட்கார்டு, முழு மூடியுள்ள செயின் கவர், லூகாஸ் விளக்கு, பெயர் பொறித்த பெல், பம்பு மாட்டும் கொக்கி. துருப்பிடித்திருந்தாலும், நெளிந்திருந்தாலும், பாதி உடைந்திருந்தாலும் இவற்றை ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். “இது எதுக்குண்ணே, புதுசு மாட்டிக்கலாம்” என்று கடைப்பையன் சொன்னாலும் சாக்கை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

‘28’ என்றால் எந்த 28?

பாகம் வாங்குவதில் அதிகம் பணம் வீணாவது அளவுக் குழப்பத்தில்தான். பெரிய கருப்பு சைக்கிளின் டயர் 28 × 1½. இதில் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. இன்றைய ஹைபிரிட், ரேஸ் சைக்கிள்களில் வரும் 700சி டயரையும் சிலர் ‘28 இன்ச்’ என்றே விற்கிறார்கள். அதன் விட்டம் 622 மி.மீ. வித்தியாசம் 13 மி.மீ.தான் என்றாலும் எவ்வளவு சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்தாலும் ஏறாது.

26 இன்ச்சில் குழப்பம் இன்னும் அதிகம். பழைய ஸ்போர்ட்ஸ் வண்டிகளின் 26 × 1⅜ டயர் 590 மி.மீ. மவுன்டெயின் பைக்கின் 26 இன்ச் 559 மி.மீ. இரண்டின் பெயரும் 26 தான். ஆனால் ஒன்று மற்றொன்றில் மாட்டாது.

தீர்வு எளிது. டயரின் பக்கவாட்டில் 40-635 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் விட்டம். கடைக்காரரிடம் இன்ச் கணக்கு பேசாமல் அந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள்.

ரிம்முக்கும் ஒரு எச்சரிக்கை. கம்பி பிரேக் வண்டியில் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்காது. உள்பக்கமாக, அச்சைப் பார்த்த முகத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அதற்கென்றே உருவான ரிம்முக்கு வெஸ்ட்வுட் என்று பெயர். அதற்குப் பதிலாகப் பளபளக்கும் அலுமினிய ரிம் போட்டால் கம்பி பிரேக் வேலை செய்யாது. அழகு பார்க்கப் போய் பிரேக்கை இழந்துவிடக் கூடாது.

போக்ஸ் கம்பியையும் எண்ண வேண்டும். பிரிட்டிஷ் பாணி வண்டிகளில் முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 என்பது வழக்கம். வேறு பல வண்டிகளில் இரண்டிலும் 36. ஹப்பில் 40 ஓட்டையும் ரிம்மில் 36 ஓட்டையும் இருந்தால் எந்த மெக்கானிக்காலும் கோட்டம் எடுக்க முடியாது.

செயின் மாட்டவில்லையா? வண்டி நிஜமாகவே பழசு

சாதாரண சைக்கிள் செயினில் ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவே அரை இன்ச். அகலம் 1/8 இன்ச். இந்த அளவுதான் இன்றும் கியர் இல்லாத வண்டிகளில் ஓடுகிறது, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து வண்டிகள் சிலவற்றில் பற்கள் ஒரு இன்ச் இடைவெளியில் அகலமாக இருக்கும். புதுச் செயின் சரியாக உட்காராது. அதைப் பார்த்ததும் செயின் வீலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டச் சொல்பவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். அந்த அகலமான பற்கள்தான் வண்டியின் வயதுக்குச் சாட்சி. அசல் செயின் வீலை எடுத்து வைத்துவிட்டு, ஓட்டுவதற்கு மட்டும் வேறொன்று மாட்டலாம்.

ஒரு இன்ச்சுக்கு எத்தனை மரை?

இதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். பெடல் அச்சின் கப், ஃபிரேமுக்குள் மரை சுற்றி உட்காருகிறது. பிரிட்டிஷ் பொது அளவில் ஒரு இன்ச்சுக்கு 24 மரை. நாட்டிங்ஹாம் ராலி மட்டும் தனக்கென்று 26 மரை வைத்துக்கொண்டது. இரண்டு கப்புக்கும் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் தவறான கப்பும் முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறும். “கொஞ்சம் டைட்டா இருக்கு, அவ்ளோதான்” என்று ஸ்பேனரை அழுத்தினால் ஃபிரேமின் மரை போய்விடும். கப்பை மாற்றலாம், ஃபிரேமை மாற்ற முடியாது.

பழைய கப்பை லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். மரை அளக்கும் கேஜ் அங்கே இருக்கும். இரண்டு நிமிட வேலை. சென்-ராலி, இந்திய ஹெர்குலிஸ் எதுவாக இருந்தாலும் பெயரை வைத்து முடிவு செய்யாமல் அளந்தே வாங்குங்கள்.

கழற்றும்போது திசையும் முக்கியம். பிரிட்டிஷ் வண்டியில் செயின் பக்கத்துக் கப்புக்கு எதிர்மரை. இடது பெடலுக்கும் அப்படித்தான். வழக்கமான திசையில் சுற்றினால் கழலாது, இன்னும் இறுகும்.

கம்மாபுரத்திலிருந்து புதுச்சேரி வெகு தூரம் இல்லை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் அது. அங்கே பழைய பொருள் தேடும்போது பிரெஞ்சு வண்டி எதுவும் கையில் சிக்கினால் இன்ச் கணக்கை மறந்துவிடுங்கள். பிரெஞ்சு அளவில் கப் 35 மி.மீ., இரண்டு பக்கமும் நேர்மரை. பெடல் மரையும் வேறு. அதன் பாகத்தை ராலிக்கோ, ராலியின் பாகத்தை அதற்கோ மாட்ட முடியாது.

சின்ன கொட்டர் பின், பெரிய தலைவலி

பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது ஆப்பு வடிவக் கொட்டர் பின். பிரிட்டிஷ் அளவு 9.5 மி.மீ., பிரெஞ்சு அளவு 9 மி.மீ. அரை மி.மீ. வித்தியாசம்தானே என்று மாட்டினால் நாலாவது கிலோமீட்டரில் பெடல் ஆடத் தொடங்கும்.

பழைய பின்னைச் சுத்தியலால் அடித்துக் கழற்றும்போது பெடல் தண்டுக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ஸுக்கும் கப்புக்கும் போகும். கப்பில் குழி விழும். கிடைக்காத கப்பைக் கெடுத்துவிட்டு, கிடைக்கும் பின்னைக் காப்பாற்றிய கதையாகிவிடும்.

புதிய பின்னின் சாய்ந்த முகம் சரியாகப் படியவில்லை என்றால் அரம் போட்டு ராவ வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு ராவினால்தான் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்.

பால்ஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முன் ஹப்புக்கு 3/16 இன்ச், பின் ஹப்புக்கும் பெடல் அச்சுக்கும் கால் இன்ச் என்பது வழக்கமான அளவு. தேய்ந்த பழைய பால்ஸோடு புதியவற்றைக் கலக்காமல் மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

கம்மாபுரத்திலிருந்து எங்கே தேடிப் போவது?

முதல் நிறுத்தம் உள்ளூர் சைக்கிள் கடை. மேலே சொன்ன முதல் குவியலில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, விருத்தாசலம், கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களின் பழைய கடைகள். புதுக் கடையைவிட, அப்பா காலத்திலிருந்து நடக்கும் கடைதான் நமக்கு வேண்டியது. விற்காமல் பரணில் தங்கிப்போன சரக்கு அங்கேதான் இருக்கும். போனதும் ‘வின்டேஜ்’ என்று சொல்லாதீர்கள், விலை ஏறிவிடும். பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போய், “இது மாதிரி இருக்காண்ணே?” என்று கேளுங்கள். போட்டோவைவிடப் பாகமே பேசும்.

மூன்றாவது, காயலான் கடை. சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள். பழைய சைக்கிள் வந்தால் எடைக்கு உடைக்கும் முன்பு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.

நான்காவது, சென்னையும் லூதியானாவும். சென்னையில் பாரிமுனைப் பக்கத்து மொத்த வியாபாரக் கடைகள். பஞ்சாபின் லூதியானா இந்தியச் சைக்கிள் பாகங்களின் தலைநகர். கம்பி பிரேக் செட், மட்கார்டு, செயின் கவர் போன்றவை அங்கே செய்யப்பட்டவைதான் நாடு முழுவதும் போகின்றன.

ஐந்தாவது, லேத் பட்டறை. அச்சு, போல்ட், புஷ் போன்றவற்றைக் கடைந்து வாங்கலாம். கோன் செய்யும்போது மட்டும் கடைந்தால் போதாது, மேற்பரப்பைக் கடினப்படுத்தவும் வேண்டும். இல்லாவிட்டால் சில மாதங்களில் பால்ஸ் அதைத் தின்றுவிடும்.

கடைசியாகத்தான் வெளிநாடு. லூகாஸ் விளக்கின் கண்ணாடி, ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்பின் உள்பாகம், ப்ரூக்ஸ் சீட்டு போன்றவற்றுக்கு இது பொருந்தும். ஸ்டர்மி-ஆர்ச்சர் 2000-ல் தைவானின் சன்ரேஸ் கைக்கு மாறினாலும், அந்தப் பெயரில் கியர் ஹப் இன்றும் வருகிறது. 1866-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய ப்ரூக்ஸின் தோல் சீட்டும் புதிதாகவே கிடைக்கிறது. தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் பாகத்தின் விலையைத் தாண்டலாம். அதனால் இங்கே தேடி முடித்த பிறகே அங்கே ஆர்டர் போடுங்கள்.

நெய்வேலியில் ஏன் அவசரம்?

1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதோடு வளர்ந்த ஊர் நெய்வேலி நகரியம். வட்டம் வட்டமாகப் பிரித்த குவார்ட்டர்ஸ், நேரான சாலைகள், ஷிஃப்ட் வேலை. சைக்கிளுக்கென்றே போட்டது போன்ற ஊர். ஆனால் குவார்ட்டர்ஸ் சொந்த வீடு கிடையாது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். லாரியில் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் ஏறும். இருபது வருடமாகத் தொடாத சைக்கிளுக்கு இடம் இருக்காது. கிராமத்து வீட்டில் ஒரு பொருள் மூன்று தலைமுறைக்குக் கொட்டகையில் கிடக்கலாம். குவார்ட்டர்ஸில் அந்த அவகாசம் இல்லை.

அதனால் நகரியத்தில் தெரிந்தவர் யாராவது ஓய்வு பெறப் போகிறார் என்றால் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். காயலான் கடைக்குப் போன பிறகு அது வெறும் இரும்பு. அங்கே ராலிக்கும் உடைந்த ஜன்னல் கம்பிக்கும் ஒரே ரேட்.

ஒன்றை ஓட வைக்க இன்னொன்றை உடைக்கலாமா?

பாகம் கிடைக்காதபோது எல்லோருக்கும் தோன்றும் வழி, அதே மாடலில் இன்னொரு வண்டி வாங்கி, வேண்டியதைக் கழற்றிக்கொள்வது. ஃபிரேம் உடைந்த வண்டி, போர்க் போன வண்டி என்றால் தவறில்லை. எப்படியும் எடைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் முழுதாக நிற்கும் ஒரு வண்டியை ஒரு விளக்குக்காகவும் ஒரு செயின் வீலுக்காகவும் பிரித்துப் போட்டால், இரண்டு பழைய வண்டியில் ஒன்று குறைந்ததுதான் மிச்சம். ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கும் வண்டியை உடைக்காதீர்கள். அதையே ஓட்டுங்கள், உங்களுடையதிலிருந்து பாகம் எடுங்கள்.

அசல் பாகம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க விரும்புபவர்கள் புனே போனால் கார்வே நகருக்கு ஒரு நடை போகலாம். விக்ரம் பெண்ட்சே தன் சேகரிப்பை வைத்து 2017-ல் திறந்த சைக்கிள் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பழைய வண்டிகளோடு விளக்கு, பம்பு, பழுதுபார்க்கும் கருவிகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ராணுவ வீரர்கள் மடித்து எடுத்துச் சென்ற பி.எஸ்.ஏ. பாராட்ரூப்பர் சைக்கிளும் அதில் உண்டு.

பெயின்ட் அடிக்கலாமா?

அவசரம் வேண்டாம். பழைய வண்டியின் கருப்பு, சூளையில் சுட்டு ஏற்றிய எனாமல். அதன் மேல் தங்க நிறக் கோடுகளைக் கையால் இழுத்திருப்பார்கள். துணியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மெதுவாகத் துடைத்தால் பல இடங்களில் அந்தக் கோடு எட்டிப் பார்க்கும். பவுடர் கோட்டிங் கொடுத்தால் அது ஒரே நாளில் போய்விடும். தடித்த பூச்சு ஃபிரேம் எண்ணையும் மூட்டுகளின் கூர்மையையும் மூடிவிடும். வண்டி புதிதாகத்தான் தெரியும், ஆனால் யார் பார்த்தாலும் போன மாதம் வாங்கியது என்றே நினைப்பார்கள்.

ஃபிரேம் மூட்டில் விரிசல் இருந்தால் மட்டும் விட்டுவைக்காதீர்கள். அது அழகு விஷயம் கிடையாது, உயிர் விஷயம். அந்தக் கால மூட்டுகள் பித்தளை உருக்கி ஒட்டியவை. ஜன்னல் கிரில் ஒட்டும் ஆர்க் வெல்டிங்கை அதில் வைத்தால் மெல்லிய குழாய் வெந்து, பக்கத்திலேயே மறுபடி விடும். பித்தளை ஒட்டு தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள்.

பாகத்தைவிட அரிதான ஒன்று

இதுவரை சொன்ன பாகங்களைத் தேடிப் பிடித்துவிடலாம். காசு கொடுத்து இறக்குமதி செய்ய முடியாத ஒன்றும் உண்டு. அது கை. போக்ஸ் கம்பியை விரலால் தட்டி, வரும் சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் மெக்கானிக். கொட்டர் பின்னைக் கண்ணால் பார்த்தே எவ்வளவு ராவ வேண்டும் என்று தெரிந்தவர். கம்பி பிரேக்கின் நீளத்தைச் சரிபார்த்து இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கும்படி வைக்கத் தெரிந்தவர். வாடகை சைக்கிள் கடைகள் நடந்த காலத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். அவர்களிடம் தொழில் பழகியவர்கள் இன்று பைக் மெக்கானிக் ஆகிவிட்டார்கள், அல்லது கடையைச் சாத்திவிட்டார்கள்.

2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்று, அட்லஸ் நிறுவனம் டெல்லிக்குப் பக்கத்தில் உள்ள சாகிபாபாத் தொழிற்சாலையில் வேலையை நிறுத்தியது. நாடு முழுவதும் செய்தியானது. ஒரு கிராமத்துச் சைக்கிள் கடை மூடினால் செய்தி வராது. ஆனால் உங்கள் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு அதிக நஷ்டம் இந்த இரண்டாவது மூடல்தான்.

எனவே வேலையின் வரிசையை மாற்றிப் போடுங்கள். பாகம் ஆர்டர் செய்வதற்கு முன்பு உங்கள் ஊரில் வயதான சைக்கிள் மெக்கானிக் ஒருவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பழைய கப்பையும் கோனையும் அவர் கையில் கொடுங்கள். எது வேண்டும், எது வேண்டாம், எது இன்னும் பத்து வருடம் ஓடும் என்று அவர் சொல்லிவிடுவார். நீங்கள் போட்ட பட்டியலில் பாதி அங்கேயே குறைந்துவிடும். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்தால் வீடியோ எடுத்து வையுங்கள். கப்பும் கோனும் லூதியானாவில் இன்னும் பல வருடம் கிடைக்கும். அதை மாட்டத் தெரிந்தவர் அவ்வளவு காலம் கடை திறப்பாரா என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை.